வெறும் வயிற்றில்

ஷார்ஜா
12.10.1994

தஹ்மீனாவுக்கு ஸலாம்.

யூனுஸ் நாளை மறுநாள் ஊருக்குக் கிளம்புகிறான். அவனிடம் ஓர் அட்டைப்பெட்டி கொடுத்திருக்கிறேன். பால்பவுடர் டின்கள், அம்மாவுக்குத் தைலம், உனக்கு இரண்டு டப்பா மாத்திரை. சிவப்பு, ரத்தம் ஊறுவதற்கு. வெள்ளை, எலும்புக்கு. நீ வெளுத்துக்கொண்டே போகிறாய், கூடத்தைப் பெருக்கினால் குப்பையைவிட உன் முடிதான் அதிகம் வருகிறது என்று அம்மா போனில் சொன்னார்கள். இரண்டையும் காலை டீயோடு போட்டுக்கொள். கண் முன்னால் விழுங்குகிறாயா என்று பார்க்கும்படி அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். சிரிக்காதே, உன்னை எனக்குத் தெரியும்.

உன் கடிதம் வந்தது. நான்கு வரி. எங்கள் அறையில் இருக்கும் கூத்தாநல்லூர்க்காரருக்கு வரும் உறையைக் கையில் தூக்கிப் பார்த்தால் கல்யாணப் பத்திரிகை மாதிரி கனக்கும். உன் உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்ன ஜாபிர், வீட்டுல தந்தி அடிக்கிறாங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மே மாதம் கிளம்பும்போது நான் சொன்னது இன்னும் மனதில் இருக்கிறதா? கட்டையோடு குடும்பம் நடத்துவதுபோல் இருக்கிறது என்று சொன்னது கோபத்தில் வந்த வார்த்தை. ஆனால் நீயும் யோசித்துப் பார். வருடமெல்லாம் காத்திருந்து லீவில் வந்தவன், பாதி லீவை நீ தூங்குவதைப் பார்த்துக்கொண்டே கழித்தேன்.

அடுத்த லீவு ஜூனில். லீவா, லீவுக்குப் பதில் சம்பளமா என்று ஜனவரியில் மேனேஜர் கேட்பார். வரத்தான் ஆசை. கல்யாணமாகி நான்கு வருடம். அம்மா எதைக் கேட்கிறார்கள் என்று உனக்கே தெரியும்.

இந்த முறையாவது ஐந்து வரி எழுது.

ஜாபிர்


பாபநாசம்
3.11.1994

மச்சான்,

நலம் என்று ஆரம்பித்து மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். அந்தச் சொல்லைத் தாண்ட முடியவில்லை. அதனால் அதை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

எனக்கு ஒரு நோய் இருக்கிறது.

ஆவணியில் தெருவே விசிறிக்கொண்டிருந்தபோது நான் போர்வை தேடினேன். முகம் உப்பியிருக்கிறது. குரல் தடித்துவிட்டது. கதவுக்குப் பின்னாலிருந்து "யாரு" என்று கேட்டால், வந்தவர்கள் "வீட்ல பொம்பளைங்க இல்லையா?" என்கிறார்கள். ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால், முடிவதற்குள் எதற்கு ஆரம்பித்தேன் என்பது போய்விடுகிறது. நான்கு வரியைக் கோபம் என்று நினைத்தீர்கள். ஐந்தாவது வரிவரை என்னால் போக முடியவில்லை.

என்னோடு காலேஜில் படித்த மாலதி தஞ்சாவூரில் டீச்சராக இருக்கிறாள். அவள்தான் என்னை டாக்டர் மங்களாம்பிகையிடம் அழைத்துப்போனாள். மாலதி வீட்டு விசேஷம் என்று மாமியிடம் சொல்லிவிட்டுப் போனேன். ரத்தத்தை மெட்ராஸுக்கு அனுப்பிப் பார்த்தார்கள்.

"கழுத்துல ஒரு சுரப்பி இருக்கும்மா, தைராய்டுன்னு. உன் உடம்பு அதை வேத்தாள்னு நெனச்சு அடிச்சுக்கிட்டிருக்கு."

"எதுக்கு?"

"தெரியல. யாருக்குமே தெரியல."

"நான் ஏதாவது..."

"நீ ஒண்ணும் பண்ணல."

பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் வைத்துக்கொண்டிருந்தேன். மழை. இரண்டு பக்கமும் நடவு. தண்ணீருக்குள் குனிந்திருந்தவர்கள் யாரும் நிமிரவில்லை.

மாத்திரை தந்திருக்கிறார்கள். காலையில், வெறும் வயிற்றில், தினமும். எவ்வளவு நாளைக்கு என்று கேட்டேன். "சாப்பாடு எவ்வளவு நாளைக்கு?" என்று திருப்பிக் கேட்டார்கள்.

மாமியிடம் சொல்லவில்லை. உங்கள் சின்னம்மா வீட்டு மருமகளுக்கு வலிப்பு வந்தபோது என்ன நடந்தது என்று நாம் இருவரும் பார்த்தோம். ஒரு பெட்டி, ஒரு டாக்ஸி, தாய் வீடு. அதோடு அந்தப் பெண்ணின் பெயரையே அந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை. எனக்கு அந்த டாக்ஸி கனவில் வருகிறது.

மாத்திரையைத் தையல் மிஷின் டிராயரில் வைத்திருக்கிறேன். ஆனால் மாமா மௌத்தானதிலிருந்து மாமி முதல் டீயைத் தனியாகக் குடிப்பதில்லை. சுபுஹு தொழுதுவிட்டு எனக்காகக் காத்திருக்கிறார்கள். அவர்கள் கண்ணுக்குத் தப்பி எப்போது விழுங்குவது என்று தெரியவில்லை.

என்ன செய்யட்டும்?

தஹ்மீனா


ஷார்ஜா
22.11.1994

தஹ்மீனா,

உன் கடிதத்தைக் கடையின் ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து படித்தேன். பிறகு மறுபடி படித்தேன். கூத்தாநல்லூர்க்காரர் "இன்னிக்கு உறை கனமா இருக்கே" என்றார். அவரிடம் பேசப் பிடிக்கவில்லை.

பயப்படாதே. எல்லா நோய்க்கும் மருந்து இருக்கிறது. சாப்பாடு மாதிரி என்று டாக்டர்கள் சும்மா சொல்வார்கள். ஒரு கோர்ஸ் முடிந்ததும் சரியாகிவிடும், பார்.

அம்மாவிடம் சொல்லாதது நல்லது. நான் ஊரில் இருந்தால் வேறு. இங்கிருந்து போனில் என்ன சமாதானம் சொல்ல முடியும்? போனை வைத்த அடுத்த நிமிடம் பக்கத்து வீட்டு மர்யம் அக்காவிடம் போய்விடும். அதற்கடுத்து தெருவுக்கு.

ஒரு வழி தோன்றுகிறது. நான் அனுப்பிய சிவப்பையும் வெள்ளையையும் அம்மா எதிரில்தானே போடுகிறாய்? உன் மாத்திரையையும் அதோடு சேர்த்துக் கையில் வைத்துக்கொள். மூன்றையும் ஒரே வாயில் போட்டு டீயைக் குடித்துவிடு. யார் எண்ணிப் பார்க்கப்போகிறார்கள்?

என்னால் இவ்வளவு தூரத்திலிருந்து செய்ய முடிந்தது இதுதான்.

ஜாபிர்


பாபநாசம்
26.12.1994

மச்சான்,

நீங்கள் சொன்னபடி செய்கிறேன். உள்ளங்கையில் சிவப்பு, வெள்ளை, நடுவில் என்னுடையது. மிகச் சிறியது. உங்கள் மாத்திரைகளுக்கு இடையில் அது இருப்பதே தெரிவதில்லை. மாமி பார்க்கிறார்கள், திருப்தியாகத் தலையாட்டுகிறார்கள். உங்கள் பால்பவுடரில் கெட்டியாகப் போட்ட டீ. நாள் அப்படி ஆரம்பிக்கிறது.

பிறகு ஒன்றும் ஆரம்பிப்பதில்லை.

நல்லபடி ஆகியிருக்க வேண்டும் என்கிறார் டாக்டர். மறுபடி ரத்தம் எடுத்தார்கள். அப்படியே இருக்கிறது. அளவைக் கூட்டியிருக்கிறார்கள். கூட்டியும் மாற்றமில்லை. தரையிலிருந்து எழும்போது சுவரைப் பிடித்துக்கொள்கிறேன். எனக்கு வயது இருபத்தாறு.

மார்கழிப் பனி. வயல்கள் கதிர் பிடித்து நிற்கின்றன. ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். பார்க்கிறேன் என்பதுகூடச் சரியில்லை. கண் அந்தப் பக்கம் கிடக்கிறது.

மாமிக்குப் பொறுமை போய்விட்டது. "சோறு வடிக்கச் சொன்னா பானையப் பாத்துக்கிட்டு நிக்கிறா. எவனோ வசியம் வச்சுட்டான் போல" என்று மர்யம் அக்காவிடம் சொன்னார்கள். நான் அடுத்த அறையில்தான் இருந்தேன். எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்படுவதற்கும் உடம்பில் ஏதோ ஒன்று தேவைப்படுகிறது.

சாயங்காலம் தாயத்து ஓதி வாங்கிவந்து என் கையில் கட்டினார்கள். கட்டும்போது அவர்கள் விரல் சூடாக இருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருக்க மாட்டார்களா என்று நினைத்தேன். முடிச்சுப் போட்டதும் எழுந்து போய்விட்டார்கள்.

தஹ்மீனா


ஷார்ஜா
14.1.1995

தஹ்மீனா,

இரண்டு மாதத்துக்கு மேலாக மருந்து சாப்பிடுகிறாய். இன்னும் எழுந்து நிற்கச் சுவர் வேண்டும் என்கிறாய். தப்பாக நினைக்காதே, கேட்கிறேன். உனக்குக் குணமாக மனசு இருக்கிறதா? இங்கே நாற்பத்தெட்டு டிகிரியில் லாரியிலிருந்து பெட்டி இறக்கியிருக்கிறேன். முடியாது என்று நினைத்தால் முடியாதுதான்.

அம்மா போனில் அழுகிறார்கள். அவர்களுக்கும் வயதாகிறது. யோசித்துப் பார்த்தேன். கொஞ்ச நாள் நீ பூதலூரில் உன் அம்மா வீட்டில் இருந்தால் என்ன? நன்றாகக் குணமானதும் வந்துவிடலாம். நானும் அதற்குப் பிறகு வருவதுதான் நல்லது. நீ இப்படி இருக்கும்போது லீவில் வந்து என்ன பிரயோஜனம்? உனக்கும் கஷ்டம்.

வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

ஜாபிர்


ஷார்ஜா
18.2.1995

தஹ்மீனா,

என் கடிதம் கிடைத்ததா?

நோன்பு பாதி முடிந்துவிட்டது. பள்ளிவாசல் பக்கத்தில் பந்தல் போட்டு எல்லோருக்கும் நோன்பு திறக்கக் கொடுக்கிறார்கள். பேரீச்சம்பழம், மோர், பிரியாணி. நூறு பேர் வரிசையாக உட்கார்ந்திருப்போம். யாரும் யாரோடும் பேசுவதில்லை. நம்ம ஊர்க் கஞ்சி கிடைக்குமா என்று கேட்டேன். பக்கத்திலிருந்த பெங்காலிக்குக் கஞ்சி என்றால் என்னவென்று புரியவைக்க முடியவில்லை. கடைசியில் அவன் எனக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்துக்கொண்டு தன் மோரையும் கொடுத்தான்.

அம்மாவிடம் போனில் கேட்டால், "ஒன் பொண்டாட்டிக்கிட்டயே கேளு" என்று வைத்துவிடுகிறார்கள். வீட்டில் என்ன நடந்தது?

எழுது. நான்கு வரி போதும்.

ஜாபிர்


பாபநாசம்
9.3.1995

மச்சான்,

பெருநாள் முடிந்தது. இப்போது எழுத முடிகிறது.

உங்கள் ஜனவரிக் கடிதம் வந்தபோது தஞ்சாவூருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் படித்தேன். குணமாக மனசு இருக்கிறதா என்ற வரி இருந்த பக்கத்தை மடித்து, மருந்துச் சீட்டோடு வைத்துவிட்டேன். டாக்டர் சீட்டு கேட்டபோது இரண்டும் சேர்ந்து வந்தன. கடிதத்தைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்தார்.

"மாத்திரைய எப்படிப் போடறே? அன்னாடம் பண்றத அப்படியே சொல்லு."

"வெறும் வயித்துலதான் டாக்டர். இட்லிக்கு முன்னாடி, டீயோட."

"டீயோடயா?"

டீ குடித்தால் வெறும் வயிறு போய்விடும் என்று நம் பக்கத்தில் யாருக்குத் தெரியும்? ஒன்றுமே சாப்பிடவில்லை, வெறும் டீதான் என்றுதானே எல்லோரும் சொல்கிறோம்.

"வேற என்ன போடறே அதோட?"

பையிலிருந்து உங்கள் டப்பாக்களை எடுத்து வைத்தேன். அவர் இரண்டையும் திருப்பித் திருப்பிப் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"இரும்பு, சுண்ணாம்பு, பாலு. மூணும் சேந்து இந்தச் சின்ன மாத்திரைய உடம்புல ஏறவே விடாதும்மா. நீ இத்தனை மாசமும் மருந்து சாப்பிடல. சாப்பிட்ட மாதிரி இருந்திருக்கே. யாரு இப்படிச் சொல்லிக்கொடுத்தா?"

நான் சொல்லவில்லை.

மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் கூடாது. உங்கள் மாத்திரைகள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. இரண்டும் ஒன்றையொன்று பார்க்கக் கூடாது. அப்படிச் செய்தால் மாமிக்குத் தெரிந்துவிடும். தெரியாமல் வைத்திருந்தால் மருந்து ஏறாது. திரும்பும் வழியெல்லாம் இதையே மனதில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வேறு வழி வரவில்லை.

மறுநாள் காலை நடந்ததை அப்படியே எழுதுகிறேன். நீங்கள் பக்கத்தில் இருந்திருக்க வேண்டிய காலை.

"டீ ஆறுது."

"நீங்க குடிங்க மாமி. நான் அப்புறம் குடிக்கிறேன்."

"என்ன அப்புறம்? நோன்புக்கு இன்னும் நாள் கெடக்கு."

"மாத்திரை போட்டிருக்கேன்."

"அத டீயோடதான போடுவே?"

"இது வேற மாத்திரை."

சொன்னேன். குரல் கரகரப்பாக வந்ததால் அழுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். நான் அழவில்லை.

"ஒட்டுமா?"

"ஒட்டாது."

"எப்ப நிக்கும்?"

"நிக்காது மாமி. அன்னாடம் போடணும்."

"அப்ப புள்ள?"

"ஒழுங்காப் போட்டா பொறக்கும்னு டாக்டர் சொல்றாங்க."

டம்ளரை நகர்த்தி வைத்தார்கள். "ஜாபிருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

நோயைக் கேட்டபோது மாறாத முகம் அப்போது மாறியது. "அப்ப ரெண்டு பேருமாச் சேந்து என்னைய வேத்தாளாக்கிட்டீங்க" என்று எழுந்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து முதல் டீ மர்யம் அக்கா வீட்டில். தெருவுக்கே தெரிந்துவிட்டது. இந்தப் பக்கம் வருகிறவர்கள் எல்லோரும் முதலில் என் கழுத்தைப் பார்க்கிறார்கள். பயந்தது நடந்தது. நடந்த பிறகு பார்த்தால் அது அவ்வளவு பெரியதாக இல்லை.

நோன்பில், சஹர் சாப்பாட்டுக்கு எல்லோரும் எழுவதற்கு முன்பே எழுந்து மாத்திரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பக்கத்து அறையில் மாமி விழித்திருப்பது தெரியும். இருவரும் கூப்பிட்டுக்கொள்ளவில்லை.

பெருநாளன்று உங்கள் சின்னம்மா வந்தார்கள். "என்ன ரஹ்மத் பீவி, புள்ளச் சத்தம் கேக்க வேண்டிய வீட்டுல மருந்து வாசம் வருது" என்றார்கள். மாமி வட்டிலப்பத்தை வெட்டிக்கொண்டே, "என் மருமவ மருந்து என் மவன் சம்பாத்தியத்துல வருது. ஒன் வீட்டுலேருந்தா அனுப்புறே?" என்றார்கள். எனக்காகச் சொன்னார்களா, வீட்டுக் கௌரவத்துக்காகவா தெரியாது. சின்னம்மா அதற்குப் பிறகு வட்டிலப்பம் நன்றாக இருப்பதைப் பற்றி மட்டும் பேசினார்கள்.

நான் பூதலூருக்குப் போகவில்லை. போகமாட்டேன்.

தஹ்மீனா


ஷார்ஜா
5.5.1995

தஹ்மீனா,

உன் கடிதத்தோடு மருந்துக்கடைக்குப் போனேன். டப்பாக்களை விற்ற அதே மலையாளி. நோயின் பெயரைச் சொன்னேன். "அதுக்கும் இதுக்கும் ஒரே நேரமா கொடுத்தது?" என்று அவர் தலையில் கை வைத்தார். அந்த மாத்திரைகளைத் தேர்ந்தெடுக்க ஒரு வெள்ளிக்கிழமை முழுவதும் கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறேன், தஹ்மீனா. வெயிலில்.

பதில் எழுத இத்தனை நாளானதற்குக் காரணம் இருக்கிறது. ஜனவரியில் அந்தக் கடிதத்தைப் போட்ட அன்றே லீவு வேண்டாம், சம்பளமாகக் கொடுங்கள் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன்னிடம் யோசனை கேட்பதுபோல் எழுதினேன். முடிவு அதற்கு முன்பே செய்தாகிவிட்டது. இதை எழுதத் தைரியம் வரவில்லை.

மேனேஜரிடம் பேசினேன். திட்டினார். ஆனால் இந்த மாதக் கடைசிக்குள் சொன்னால் மாற்றித் தருகிறேன் என்றார். பணம் திருப்பிக் கட்ட வேண்டும், கட்டிவிடலாம்.

அம்மாவிடமும் பேசினேன். "அவ காலைல ஒக்காந்திருக்கிறதப் பாத்தா பாவமாத்தான் இருக்கு. அதுக்காக எங்கிட்ட மறைக்கலாமா?" என்கிறார்கள். மறைக்கச் சொன்னது நான்தான் என்று சொன்னேன். பதிலுக்குப் போனை வைத்துவிட்டார்கள்.

இனி நீ சொல்வதுதான். 'வாங்க' என்று ஒரே ஒரு வார்த்தை எழுது. எழுத நேரமில்லை என்றால் ஸ்டேஷன் ரோடு பூத்திலிருந்து கடைக்குப் போன் செய். ஜூனில் வந்துவிடுகிறேன். பிள்ளை பற்றியெல்லாம் பேசமாட்டேன். உன் பக்கத்தில் இருக்கிறேன், அவ்வளவுதான்.

ஜாபிர்


பாபநாசம்
19.5.1995

மச்சான்,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. அதைப் படித்துவிட்டு ஆற்றுப்பக்கம் போனேன். குடமுருட்டியில் தண்ணீர் இல்லை. மணல் மட்டும். மேட்டூர் எப்போது திறக்கும் என்று கரையில் இரண்டு பேர் சண்டைபோடாத குறையாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் எங்கும் உட்காராமல் அக்கரை வரை நடந்து திரும்பினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான், சுவரைப் பிடிக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

டாக்டர் மாத்திரையின் அளவைக் குறைத்திருக்கிறார். ஏறாத காலத்தில் கூட்டியது இப்போது அதிகமாகிவிட்டதாம், நெஞ்சு படபடவென்று அடித்தது. இனி இப்படித்தான், கூடும், குறையும், பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்கிறார். எது பசி, எது அசதி, எது வெறும் சோம்பல் என்று ஒவ்வொன்றையும் நின்று கேட்க வேண்டியிருக்கிறது. மதியம் கொஞ்சம் படுத்தால் அதற்கு யாரிடமும் காரணம் சொல்வதில்லை. வெயில் சுடுகிறது. சுடுவது எனக்குப் பிடித்திருக்கிறது.

மாமி இந்த வாரம் வீட்டிலேயே டீ போட ஆரம்பித்திருக்கிறார்கள். ஒரே ஒரு டம்ளர், அவர்களுக்கு. எனக்காகக் காத்திருப்பதில்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு குடிக்கிறார்கள். நான் என் அறையில் கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்திருப்பேன். ஒரே வீட்டில் இரண்டு பெண்கள், இரண்டு பக்கம் பார்த்துக்கொண்டு. இதுவும் போன மாதத்தைவிடப் பரவாயில்லை.

இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு என்னிடம் யோசனை கேட்டிருக்கிறீர்கள். காது சூடாகி, உங்களைப் பெயர் சொல்லித் திட்டினேன். மாமி எட்டிப் பார்த்தார்கள். இப்படிக் கோபம் வந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. அதை அணைக்க மனம் வரவில்லை, அடுப்பில் நெருப்பை வைத்திருப்பதுபோல் ராத்திரி வரை வைத்திருந்தேன்.

போன மே மாதம் நீங்கள் கட்டை என்று சொன்னபோது நான் ஒன்றும் சொல்லவில்லை. உங்களுக்கு அது பெருந்தன்மையாகத் தெரிந்திருக்கலாம். நோய்தான் பேசாமல் இருந்தது. அதற்கு முன்பு, கல்யாணமான புதிதில், நீங்கள் சொன்னதற்கெல்லாம் சரி என்றேனே, அது யார்? உங்களைப் பிரிந்து இருக்கிறேன் என்று நினைத்துக் கிடந்த மாதங்களில் அந்தக் கனம் உங்களாலா, சுரப்பியாலா? எனக்குத் தெரியவில்லை. தெரியாமல் 'வாங்க' என்று எழுதினால், அது யார் எழுதியது என்று நான் எப்போதும் யோசித்துக்கொண்டிருப்பேன்.

ஜூனில் வர வேண்டாம்.

இதை யோசித்துத்தான் எழுதுகிறேன். அழுகை வருகிறது, அது வேறு. நீங்கள் வந்து வாசலில் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். நினைத்ததும் எழுந்து முகம் கழுவப் போனேன். அப்படியும் எழுதுகிறேன், வர வேண்டாம்.

அடுத்த வருட லீவுக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் ஒரு கோடை, ஒரு மழை, ஒரு பனி. ஒவ்வொன்றிலும் நான் எப்படி இருக்கிறேன் என்று நான் பார்க்க வேண்டும். பனியில் எனக்கு எவ்வளவு குளிரும் என்பதே மறந்துவிட்டது.

இன்னொன்றும் கேட்கிறேன். இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதாதீர்கள். கொஞ்ச காலம் எழுதாமல் இருங்கள். மாமியிடம் போனில் பேசுங்கள், என்னைக் கேட்க வேண்டாம். தபால்காரர் நம் வீட்டைத் தாண்டிப் போகும் நாட்களில் எனக்கு என்ன ஆகிறது என்று தெரிய வேண்டும். கஷ்டமாகத்தான் இருக்கும். அந்தக் கஷ்டம் என்னுடையதாக இருக்கும். எழுத வேண்டும் என்று தோன்றும் நாளில் முதல் கடிதத்தை நானே எழுதுவேன்.

வெயில் ஏறிவிட்டது. தபாலாபீஸுக்கு நடந்தே போய்ப் போடப்போகிறேன்.

தஹ்மீனா